ஏரிப் படுக்கையும் மாடிக் கட்டிடமும்: மெக்சிக்கோ நகரப் புவிநடுக்கம் (1985) பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1985 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 19 ஆந் திகதி காலை 7.19 மணியளவில் மெக்சிக்கோ நகரம் அதிர்ந்தது. நடுக்கம் தோன்றிய இடமோ நகரிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றருக்கு அப்பால், பசுபிக் கரையோரத்து மிச்சோவகான் மாநிலத்தை அடுத்திருந்தது. கொக்கோஸ் எனப்படும் கடலடிப் புவித்தகடு வட அமெரிக்கத் தகட்டின் கீழே நுழையும் விளிம்பிற் பிறந்த அந்நடுக்கத்தின் பருமன் 8.0 ஆகும். மறுநாள் மாலை 7.5 பருமனுடைய மற்றொன்று தொடர்ந்தது. ஏறத்தாழ 400 கட்டிடங்கள் முற்றாக வீழ்ந்தன; ஆயிரக்கணக்கானவை சிதைவுற்றன. இறந்தோர் தொகை குறித்து இன்றுவரை உடன்பாடில்லை. 5,000 முதல் 10,000 வரை என ஒரு சாராரும், அதன் பன்மடங்கு என மறு சாராரும் கூறுவர். பிணங்களை எண்ணுவதே அரசியற் பிரச்சினையாகிவிட்ட ஒரு நிகழ்ச்சியை ஆராயப் புகுகிறோம் என்பதை வாசகர் தொடக்கத்திலேயே மனங்கொள்ளல் வேண்டும்.

அழிவின் அளவிலும் பார்க்க அழிவின் ஒழுங்கே எமது கவனத்தை ஈர்க்கிறது. நடுக்கத்தின் தோற்றுவாய்க்கு அண்மையிலிருந்த கரையோர ஊர்கள் பல, தலைநகர் அழிந்த அளவுக்கு அழியவில்லை. தலைநகரினுள்ளும் மேற்கிலும் தெற்கிலும் மேட்டு நிலங்களில் வாழ்ந்தோர் பலர் சுவரில் தொங்கிய படங்கள் ஆடியதற்கு மேல் எதையும் காணவில்லை; நகரின் நடுப்பகுதி இடிபாடாயிற்று. அந்நடுப்பகுதியிலும் ஒரு மாடி, இரு மாடிகொண்ட பழைய வீடுகளுட் பெரும்பாலானவை நின்றன. 44 மாடிகொண்ட கோபுரம் ஒன்றும் நின்றது. 6 முதல் 15 வரையான மாடிகளைக் கொண்ட கட்டிடங்களே மிகுதியாக வீழ்ந்தன. இத்தகைய தெரிவு எவ்வாறு நிகழ்ந்தது?

இவ்வினாவுக்கு வழமையாக இரு விடைகள் கிடைக்கின்றன. 'இயற்கையின் சீற்றம்' என்பது ஒன்று. அதனை நாம் விரிவாக மறுக்க வேண்டியதில்லை. சீற்றத்துக்கு மாடிகளை எண்ணத் தெரியாது. மற்றையது முற்போக்காளரிடையே செல்வாக்குள்ளது. வறுமையே மனிதரைக் கொன்றது என்பது அது. இவ்விரண்டாவது விடையிற் பெரும் உண்மை உண்டாயினும், அது அவசரமான உண்மை. மண்ணையும் அத்திவாரத்தையும் பற்றிய பொறியியல் அறிவைப் புறந்தள்ளிவிட்டு வர்க்கத்தைப் பற்றிப் பேசுவோர், வர்க்கத்தைப் பற்றியும் குறைவாகவே பேசுகின்றனர் என்பது எமது கருத்து. ஏனெனில் மெக்சிக்கோ நகரத்தின் கீழுள்ள மண்ணே ஒரு வரலாற்றுப் பொருளாகும்.

கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேல், எரிமலைகளாற் சூழப்பட்ட பள்ளத்தாக்கு ஒன்றிலே நகரம் அமைந்துள்ளது. ஆறுகள் வெளியேற வழியற்ற அப்பள்ளத்தாக்கில் முன்னர் ஏரிகள் பரந்து கிடந்தன. அவற்றுட் பெரியது தெஸ்கோகோ. எரிமலைச் சாம்பல் ஏரி நீரிற் படிந்து நெடுங்காலத்தில் வினோதமான ஒரு களிமண்ணாயிற்று. அக்களியின் திண்மப் பகுதியிலும் பார்க்க அதனுள் அடங்கிய நீரின் நிறை மூன்று நான்கு மடங்காயிருக்கும் இடங்கள் உண்டு. மண் என்று சொல்வதிலும் நீரைச் சுமந்த பஞ்சு என்று சொல்வது பொருந்தும். பல இடங்களில் இது 30 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமுடையது.

இவ்வேரியின் தீவொன்றில் 1325 ஆம் ஆண்டளவில் அஸ்தெக்கர் தெனொச்சித்லான் நகரை நிறுவியதாக மரபு கூறும். அவர்கள் ஏரியை அகற்ற முனையவில்லை. ஏரியிலேயே பயிர்ப் பாத்திகள் அமைத்தனர். ஓடங்களிற் பொருள்களை ஏற்றியிறக்கினர். 15 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், உவர்நீரையும் நன்னீரையும் பிரிக்கும் நீண்ட அணையொன்றைக் கட்டினர். தெஸ்கோகோ அரசனாகிய நெசாவல்கோயோத்லின் பெயரால் அவ்வணை அறியப்படுகிறது. இதனைப் பொற்காலமாகக் காட்டும் நோக்கம் எமக்கில்லை. திறை பெறும் ஆளும் வர்க்கமொன்றின் தலைநகரமே அது; அதன் கோயில்களும் களியில் அமிழ்ந்தன; அமிழ அமிழ மேலே கட்டினர். ஆயினும் அந்தச் சமுதாயத்தின் உற்பத்தி முறை ஏரி இருப்பதிலே தங்கியிருந்தது.

1521 இல் நகரைக் கைப்பற்றிய ஸ்பானியரின் உற்பத்தி முறைக்கு ஏரி தடையாயிற்று. கோதுமை வயலுக்கும் கால்நடைக்கும் வண்டிப் பாதைக்கும் உலர்ந்த தரை வேண்டும். அணைகளும் வாய்க்கால்களும் சிதைந்தன. வெள்ளம் மீண்டும் மீண்டும் வந்தது. 1607 இல், என்றிக்கோ மார்ட்டினெஸ் என்பாரின் திட்டப்படி, பள்ளத்தாக்கின் வடக்கு விளிம்பைத் துளைத்து நீரை வெளியேற்றும் வேலை தொடங்கிற்று. அதில் உழைத்தோர் கட்டாய ஊழியத்துக்குக் கொண்டுவரப்பட்ட சுதேச மக்கள். வேலை முற்றுப்பெறுமுன்பே 1629 இல் பெருவெள்ளம் வந்து ஐந்தாண்டளவு நகரிலே தங்கிற்று. நகரை மேட்டு நிலத்துக்கு மாற்றும் யோசனை அப்போது ஆராயப்பட்டுக் கைவிடப்பட்டது. கட்டிடங்களிலும் காணிகளிலும் முடங்கியிருந்த செல்வமே அதற்குத் தடை. நகரத்தை மாற்றுவதிலும் ஏரியை மாற்றுவது மலிவு என உடைமையாளர் கருதினர் போலும். அந்த மலிவான வேலை மூன்று நூற்றாண்டுகள் நீடித்தது. 1900 இல் பொர்பிரியோ டியாஸின் ஆட்சியிலே பெருங்கால்வாய் திறந்துவைக்கப்பட்டபோதே பெருமளவு நிறைவெய்திற்று.

ஏரி நீர் வெளியேறியது. பெருகிய நகரத்துக்குக் குடிநீர் எங்கிருந்து வரும்? நிலத்தினடியிலிருந்து உறிஞ்சினர். இங்கே மண்ணின் வரலாறு புதிய கட்டத்தை அடைகிறது. அடியிலுள்ள நீரை இழந்த களி சுருங்கியது, நகரம் தாழ்ந்தது. 1925 இலேயே பொறியியலாளர் றொபேர்ட்டோ கயோல் நகரம் தாழ்வதைச் சுட்டிக்காட்டினார். 1947 இல் நாபோர் கரிய்யோ நீரிறைப்புக்கும் தாழ்வுக்குமுள்ள தொடர்பை நிறுவினார். 20 ஆம் நூற்றாண்டில் நகரின் நடுப்பகுதி சில இடங்களில் 9 மீற்றருக்கு மேல் அமிழ்ந்தது. 1910 இல் எழுப்பப்பட்ட சுதந்திரத் தூணுக்கு இதனால் 14 படிகள் புதிதாகச் சேர்க்க நேர்ந்தது. தூண் அசையாதிருக்கச் சூழவுள்ள வீதி கீழிறங்கிவிட்டது. சுதந்திரத்தை எட்டுவதற்கு ஆண்டுக்காண்டு கூடுதலான படிகள் ஏறவேண்டியிருந்தது என ஒருவர் அங்கதமாகக் கூறலாம். நாம் அதனை நீர்வழங்கல் வரலாறாக மட்டும் கொள்வோம்.

இனி, இந்த மண்ணின்மீது புவிநடுக்க அலை வந்தபோது நிகழ்ந்ததை நோக்குவோம். ஊஞ்சலை ஆட்டுபவர் அதன் போக்கறிந்து ஒவ்வொரு முறையும் சிறிது தள்ளினாற் போதும். ஊஞ்சல் உயர எழும். போக்கறியாது எவ்வளவு வலுவாகத் தள்ளினும் பயனில்லை. பௌதிகவியலார் இதனைப் பரிவு என்பர். ஒவ்வொரு பொருளுக்கும் தன்னியல்பான அதிர்வுக்காலம் உண்டு. ஏரிக்களியின் அதிர்வுக்காலம் நகரின் நடுப்பகுதியிலே 2 செக்கனுக்கு அண்மையானது. நெடுந்தூரம் கடந்துவந்த அலைகளில் விரைவான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துபோக, மெதுவானவை எஞ்சின. அவற்றுட் களிக்கு ஒத்ததைக் களி தெரிந்தெடுத்துப் பெருக்கிற்று. தெற்கே, பழைய எரிமலைக் குழம்பு இறுகிய பாறைமீது பல்கலைக்கழகம் நிற்கிறது. அங்கிருந்த கருவி பதிந்த உச்ச ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் 3 அல்லது 4 சதவீதமே. ஏரிக்களிமேல் நின்ற போக்குவரத்து அமைச்சின் வளவிலிருந்த கருவி பதிந்தது ஏறத்தாழ 17 சதவீதம். ஒரே நகரம், ஒரே நடுக்கம். அதிலும் களியின் அசைவு ஒரே சீராக, ஏறத்தாழ 2 செக்கனுக்கு ஒருமுறையாக, ஒரு நிமிடத்துக்கும் கூடுதலாகத் தொடர்ந்தது.

களிமேல் நின்ற கட்டிடங்களுக்கும் தத்தம் அதிர்வுக்காலம் உண்டு. மாடியொன்றுக்கு ஒரு செக்கனின் பத்திலொரு பங்கு என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பருமட்டான கணக்கு. அதன்படி 10 மாடிக் கட்டிடம் 1 செக்கனில் ஒருமுறை ஆடும். ஆனால் அது உறுதியான தரைமீது நிற்பதாகக் கொண்ட கணக்கு. மென்களியில் அத்திவாரமும் சேர்ந்து சரிந்தாடுவதால் அதிர்வுக்காலம் நீளும். சில ஆட்டங்களில் கொங்கிறீற்றில் வெடிப்பு விழும். விழுந்ததும் கட்டிடம் தளர்ந்து இன்னும் மெதுவாக ஆடும். இவ்வாறு நடுத்தர உயரமுடைய கட்டிடங்கள் சிதையச் சிதைய 2 செக்கனை நோக்கியே நகர்ந்தன. சிதைவு அவற்றை நடுக்கத்திலிருந்து விலக்காமல் அதன் பிடிக்குள் இழுத்துச் சென்றது. 2 செக்கன் அதிர்வுக்காலமுடைய கட்டிடமொன்று, உடையாது நெகிழக்கூடியதாயின், ஏறத்தாழப் புவியீர்ப்புக்குச் சமமான ஆர்முடுகலுக்கு ஆளாகியிருக்கும். தரை பெற்றதை அது ஐந்தாறு மடங்காக்கும். இரண்டு மாடி வீடு இதற்கு மிக விரைவானது. 44 மாடிக் கோபுரம் மிக மெதுவானது. இடையில் நின்றவை அகப்பட்டன.

அத்திவாரங்களின் கதை இன்னும் சிக்கலானது. களியைக் கடந்து அடியிலுள்ள உறுதியான மணற்படைவரை கம்பங்களை இறக்கிக் கட்டிடத்தை அவற்றின்மேல் நிறுத்துவது ஒரு முறை. அப்போது சூழவுள்ள நிலம் தாழக் கட்டிடம் தாழாது நின்று, வீதிக்கு மேல் எழுந்தது போலாகிவிடும். கம்பங்களை இடைவழியில் நிறுத்திக் களியின் பற்றுதலை மட்டும் நம்புவது மற்றொரு முறை, மலிவானதும் அதுவே. 1985 இல் திரும்பத் திரும்ப அசைக்கப்பட்ட களி அப்பற்றுதலை இழந்தபோது, இத்தகைய கட்டிடங்கள் சில அன்றே மண்ணுட் புதைந்து தாழ்ந்தன. ஒன்று தன் கம்பங்களையும் பிடுங்கிக்கொண்டு குடைசாய்ந்தது. கட்டிடத்தின் நிறைக்கு ஈடான மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு அக்குழியிற் கட்டிடத்தைத் தோணிபோல மிதக்கவிடுவது மூன்றாவது முறை. நடுநகரில் 1956 இல் நிறைவெய்திய லத்தீன் அமெரிக்கக் கோபுரம், இம்மூன்றாவது முறையோடு முதலாவதையும் இணைத்தது. லெயொனார்டோ சேவார்ட் என்னும் மெக்சிக்கப் பொறியியலாளர், அமெரிக்கரான நேதன் நியூமார்க்கின் ஆலோசனையுடன், 361 கம்பங்களை 33 மீற்றர் ஆழமளவும் இறக்கினார். ஆழமான நிலக்கீழறை அமைத்தார். அயலில் நிலத்தடி நீரின் மட்டத்தைக் கட்டுப்படுத்தவும் ஏற்பாடு செய்தார். மேற்கூறிய 44 மாடிக் கோபுரம் இதுவே. 1957 ஜூலை 28 ஆந் திகதி நடுக்கத்திற் சுதந்திரத் தூணின் உச்சியிலிருந்த தேவதை உருவம் விழுந்து நொறுங்கியது. புதிய கோபுரம் அசையாது நின்றது. 1985 இலும் நின்றது.

இவ்வுண்மை எமது விவாதத்துக்கு மையமானது. களி எத்தன்மையது, அதன்மேல் எவ்வாறு கட்டலாம் என்பது 1985 க்கு ஒரு தலைமுறைக்கு முன்பே மெக்சிக்கோவில் அறியப்பட்டிருந்தது. இந்நாட்டின் மண்பொறியியலும் புவிநடுக்கப் பொறியியலும் உலகத் தரத்தன. 1957 க்குப் பின்னர் வந்த கட்டிட விதிகள் மென்னிலத்தையும் உறுதிநிலத்தையும் வேறுபடுத்தின. அவ்விதிகள் எதிர்பார்த்த விசையிலும் 1985 இல் வந்த விசை பெரிது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை; விஞ்ஞானத்திற்கும் அன்று எல்லை இருந்தது. ஆயினும் எல்லைவரை இருந்த அறிவு யார் தலைக்குமேலுள்ள கூரைக்குச் சென்றது என்ற வினா எஞ்சுகிறது. ஒரு காப்புறுதிக் கம்பனியின் தலைமையகத்துக்காக எழுந்த கோபுரம் அவ்வறிவு முழுவதையும் பெற்றது.

இவ்விடத்திற் பொறிமுறையான வர்க்க விளக்கத்துக்கு இடையூறான ஒரு செய்தியையும் கூறவேண்டும். நகரின் மிக வறியோர் பலர் வாழ்ந்த நெசாவல்கோயோத்ல் நகரம், உலர்ந்த ஏரியின் நடுவே, ஆழமான களிமேல், அவர்களது கைகளாற் கட்டப்பட்டது. மண்ணை மட்டும் பார்த்தால் அதுவே முதலில் அழிந்திருத்தல் வேண்டும். அழிவு அங்கு ஒப்பீட்டளவிற் குறைவு. ஒரு மாடி வீட்டுக்கும் அந்தக் களிக்கும் பரிவில்லை. மறுபுறம், லோமாஸ் என்ற பெயரே குன்றுகளைக் குறிக்கும் மேற்குப் பகுதியிற் செல்வர் உறுதிநிலத்தில் வாழ்ந்தனர். ஆக, செல்வரும் மிக வறியோரும் வெவ்வேறு காரணங்களால் ஓரளவு தப்ப, அடி விழுந்தது நடுவில்: கூலித் தொழிலாளர், அரச ஊழியர், தாதியர், மாணவர், குடியிருப்போர். நவீனமாக்கல் என்ற பெயரில் மாடிகளுக்கு ஏற்றப்பட்டவர்கள் இவர்கள். வைத்தியசாலைகளும் வீழ்ந்தன, ஹுவாரெஸ் வைத்தியசாலையிலும் பொது வைத்தியசாலையிலும் நோயாளரும் மருத்துவரும் சேர்ந்தே மடிந்தனர்.

த்லதெலோல்கோ குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். 1521 இல் அஸ்தெக்கரின் இறுதி எதிர்ப்பு முறியடிக்கப்பட்ட இடம் அது. கட்டிடக் கலைஞர் மாரியோ பானியின் திட்டப்படி நூற்றுக்கு மேற்பட்ட கட்டிடங்களுடன் 1964 இல் திறந்துவைக்கப்பட்டு, ஆளுங்கட்சியின் நவீனத்துவத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. 1968 ஒக்டோபர் 2 ஆந் திகதி மாணவர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்ததும் அதன் சதுக்கத்திலேயே. அங்குள்ள நுவேவோ லெயோன் என்னும் கட்டிடம் சரிந்து நிற்பதாகக் குடியிருந்தோர் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்தனர். அபாயமில்லை என்ற பதிலே கிடைத்தது. 1985 இல் அதன் மூன்று பகுதிகளுள் இரண்டு வீழ்ந்தன. பல நூறு பேர் இறந்தனர். மண் தந்த எச்சரிக்கை அங்கே எழுத்திலும் இருந்தது; மனுவாக இருந்தது.

சான் அந்தோனியோ அபாத் வீதியிலும் அயலிலுமிருந்த ஆடைத் தொழிற்கூடங்களின் நிலை வேறு. மாடிக் கட்டிடங்களில் அடுக்கடுக்காகச் சிறு சிறு பட்டறைகள் இயங்கின. தையல் இயந்திரங்களும் துணிச் சுருள்களும் அலுவலகப் பாவனைக்கு வடிவமைக்கப்பட்ட தளங்களிற் குவிந்தன. நிறை கூடக்கூடக் கட்டிடம் மெதுவாக ஆடும் என்பதும், ஆடும்போது தூண்கள் தாங்கவேண்டிய விசை பெருகும் என்பதும் மேலே கூறியவற்றாற் பெறப்படும். முதலாளி சேமித்த வாடகை பௌதிகக் கணியமாக மாறும் இடம் இது. காலை வேலை 7 மணிக்குத் தொடங்குவதால் பெண்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தனர். பல நூற்றுக்கணக்கான தையற் பெண்கள் இறந்தனர். பதிவில்லாத் தொழிலாளரும் அவர்களிடையே இருந்தமையால் திட்டமான தொகை இல்லை.

இடிபாட்டினுள் உயிர்கள் இருக்கையிலே இயந்திரங்களையும் பணப்பெட்டிகளையும் மீட்க உடைமையாளர் ஆட்களை அனுப்பினர் என்பது தப்பியோரின் சாட்சியம். எலேனா பொனியாத்தொவ்ஸ்கா 1988 இல் வெளியிட்ட நூல் இத்தகைய சாட்சியங்களின் தொகுப்பு. 1968 படுகொலை பற்றிய குரல்களை 1971 இல் நூலாக்கியவரும் அவரே. கார்லோஸ் மொன்சிவாயிஸ் 1987 இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியும் இதே காலத்தைப் பேசுவது. இலக்கிய மாணவர்களாகிய எமக்கு இவை ஒரு முறையியற் பிரச்சினையை எழுப்புகின்றன. பொறியியல் அறிக்கை, கட்டிடம் எத்தனையாவது மாடியில் முறிந்தது என்று கூறும். அம்மாடியில் யார் எத்தனை மணிக்கு இருந்தார், கதவு ஏன் பூட்டியிருந்தது என்று கூறாது. சாட்சிய இலக்கியம் இரண்டாவதைக் கூறும், முதலாவதை அறியாது. ஒன்றை 'அகநிலை' என்றும் மற்றதை 'தொழில்நுட்பம்' என்றும் ஒதுக்கும் பழக்கம் எமது துறைகளிடையே நிலவுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதே கொலையின் பொறிமுறை முழுமையாகத் தெரிகிறது.

தையற் பெண்கள் இடிபாட்டருகே கூடாரமிட்டுத் தங்கிச் சம்பளமும் இழப்பீடும் கோரினர். ஒரு மாதத்துக்குள், 1985 ஒக்டோபரில், 'செப்டெம்பர் 19' என்ற பெயருடன் அவர்களது தேசியத் தொழிற்சங்கம் பதிவுபெற்றது. எவாஞ்சலினா கொரோனா அதன் முதற் பொதுச் செயலாளரானார். ஆளுங்கட்சியின் பிடியிலிருந்த தொழிற்சங்க அமைப்புக்கு வெளியே ஒரு சங்கம் இவ்வளவு விரைவிற் பதிவுபெறுவது அந்நாட்டில் அரிது. முதல் நாள்களில் வெளிநாட்டு உதவி வேண்டியதில்லை என்ற தொனியிற் பேசிய ஜனாதிபதி மிகுவெல் டெ ல மட்ரிட்டின் அரசு, வீடிழந்தோர் இயக்கம் வீதிக்கு வந்தபின், அதே ஒக்டோபரில் நடுநகரின் ஆயிரக்கணக்கான காணிகளைச் சுவீகரித்தது. குடியிருந்தோருக்கு அவ்விடங்களிலேயே 40,000 க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1982 முதற் கடனில் மூழ்கியிருந்த அரசொன்று இதனைத் தானாக முன்வந்து செய்திராது.

மண்ணின் வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 2017 ஆம் ஆண்டு அதே செப்டெம்பர் 19 ஆந் திகதி, 1985 ஐ நினைவுகூரும் ஒத்திகை முடிந்து இரண்டு மணித்தியாலங்களின் பின்னர், 7.1 பருமனுடைய நடுக்கம் நிகழ்ந்தது. இம்முறை தோற்றுவாய் நகரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தூரமே. விரைவான அதிர்வுகள் தேயாமல் வந்தன. ஆகையால் வீழ்ந்தவையும் வேறு: களி மெலிந்து அதிர்வுக்காலம் குறுகும் ஏரியின் மேற்கு ஓரத்தில், பெரும்பாலும் 4 முதல் 8 மாடி வரையானவை, அவற்றுட் பல 1985 க்கு முன்னர் கட்டப்பட்டவை. நகரில் 228 பேரும் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 370 பேரும் இறந்தனர். ஒப்ரேரா வட்டாரத்திலே, பொலிவார் வீதியும் சிமல்பொப்போக்கா வீதியும் சந்திக்கும் மூலையில் வீழ்ந்தது தையற் பெண்கள் பணிபுரிந்த நான்கு மாடிக் கட்டிடமாகும். ஒப்ரேரா என்னும் சொல்லுக்குத் தொழிலாளர் பகுதி என்பது பொருள்.

நீரிறைப்பும் நிற்கவில்லை. நகரின் கிழக்குப் பகுதிகள் சில ஆண்டுக்கு 50 சதமமீற்றர் வரை தாழ்வதாக 2021 இல் வெளியான செய்மதி அளவீடுகள் காட்டின. நீரிழந்த களி இறுகுகிறது; இறுகிய களியின் அதிர்வுக்காலம் குறைகிறது. 1985 இல் 2 செக்கனாக இருந்த இடம் இனி அவ்வாறிராது. கரையோரத்திலிருந்து அதே அலை மீண்டும் வருமாயின், 10 மாடிக் கட்டிடத்துக்குப் பதிலாக அதனிலும் தாழ்ந்த கட்டிடத்தையே களி தெரிந்தெடுக்கும் இடங்கள் உண்டு. எத்தனை மாடிக் கட்டிடம் அபாயமானது என்ற கணக்கை நகரின் நீர்க்குழாய்கள் ஆண்டுதோறும் திருத்திக்கொண்டிருக்கின்றன.